உள்ளறைக்குப் போன விளக்கப் பக்கங்கள்

ஆபீஸில் எனக்குக் 'கதவு' என்று பெயர். யாரோ கிண்டலுக்கு வைத்தது, ஒட்டிக்கொண்டது. தேர்வு முடிவுகளைக் கணக்கிடும் உள்ளறைக்கு வெளியே, இரும்புக் கதவை ஒட்டி என் மேஜை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, இணையம் கிடையாது, செல்போனுக்கு அனுமதி கிடையாது. துண்டுக் காகிதம்கூட உள்ளே போகக் கூடாது, வெளியே வரவும் கூடாது. மதிப்பெண் கசிந்துவிடும் என்ற பயம். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய பேக்கேஜ் ஏதாவது வேண்டுமென்றால் நான்தான் அதை வெளியே இணையத்திலிருந்து இறக்கி, வைரஸ் இருக்கிறதா என்று சோதித்து, பாதுகாப்பு அதிகாரியின் ஒப்புதல் வாங்கி, சிடியில் எழுதி, உள்ளே எடுத்துப்போய் நிறுவ வேண்டும். பேக்கேஜ் என்றால் பயந்துவிட வேண்டாம். முகம் தெரியாத சில நல்ல மனிதர்கள் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஊருக்குப் பொதுவாக வைத்திருக்கும் நிரல். கூட்டல், சராசரி, அட்டவணை எல்லாம் அதில் தயாராக இருக்கும். நாம் கட்டளையை ஒழுங்காக எழுதினால் போதும்.

அந்த 'ஒழுங்காக' என்ற இடத்தில்தான் என் அண்ணி மாட்டிக்கொண்டார்.

அண்ணி என்றால் என் கூடப் பிறந்த அண்ணனின் மனைவி. ஒரே வீட்டில் அவர்கள் கீழே, நான் மாடியில், அடுப்பு ஒன்றுதான். ஆபீஸும் ஒன்றுதான். அண்ணி வெகுகாலம் கட்டுப் பிரிவில் இருந்தார். விடைத்தாள்களை எண்ணி, அடுக்கி, கயிறு போட்டுக் கட்டும் பிரிவு அது. தூசியில் தும்மித் தும்மியே பாதி ஆயுள் போனது என்பார். உள்ளறையில் நிரல் எழுதிக்கொண்டிருந்தவர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும், அந்த நாற்காலி தனக்கு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து பைத்தான் படித்தார். நான்தான் வாத்தியார். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். அதையும் தாங்கிக்கொண்டு படித்தார். அண்ணன் அந்த நாட்களில் முகம் சுளிக்காமல் பாத்திரம் தேய்த்தான். அண்ணி உள் தேர்வு எழுதி, நாற்காலியைப் பிடித்தேவிட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை.

உட்கார்ந்த பிறகுதான் வம்பு தெரிந்தது. பேக்கேஜ் உள்ளே வரும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் விளக்கம் கூட வராது. டாக்குமெண்டேஷன் முழுக்க இணையத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் எப்போதும் இணையம் இருக்கும் என்று எழுதியவர்கள் நினைத்துவிட்டார்கள், பாவம். மெஷினிடமே உதவி கேட்டால் இரண்டு வரி சொல்லிவிட்டு, 'மேலும் விவரங்களுக்கு எங்கள் இணையதளத்தைப் பாருங்கள்' என்று முடித்துக்கொள்ளும். ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்துகொண்டு எந்தத் தளத்தைப் பார்ப்பது?

ஆகவே அண்ணி வெளியே வருவார். வாசலில் காவல்காரம்மா சோதனைக் கருவியால் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்து, லாக்கர் சாவியைக் கொடுப்பார். அண்ணி செல்போனை எடுத்து, என் மேஜை ஓரத்தில் நின்றபடி விளக்கத்தைப் படிப்பார். உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொள்வார். போனை மறுபடி லாக்கரில் வைத்து, மறுபடி கையை விரித்து நின்று, உள்ளே போவார். போய் உட்காருவதற்குள் ஏதோ ஒன்று மறந்திருக்கும். அடைப்புக்குறிக்குள் முதலில் வருவது அட்டவணையின் பெயரா, பத்தியின் பெயரா? மறுபடி வெளியே வருவார். ஒரு தடவை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போகப் பார்த்தார். எழுதின கையும் காகிதமும் ஒன்றுதான் என்று சொல்லி, காவல்காரம்மா சோப்பு போட்டுக் கழுவ வைத்துவிட்டார். அண்ணி சிரித்துக்கொண்டேதான் கழுவினார். ஆனால் நான் முகத்தைப் பார்த்தேன். கட்டுப் பிரிவில் அத்தனை பேருக்கும் சந்தேகம் தீர்த்துவைத்தவர் இங்கே கை கழுவிக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேனேஜர் அதற்குள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். மாதக் கடைசியில் ஒத்திகை. போன வருட மதிப்பெண்களை அண்ணியின் நிரலில் ஓட்டிப் பார்த்து, போன வருடம் வெளியான முடிவுகளோடு ஒரு குழு ஒப்பிடும். பொருந்தினால் வேலை அண்ணியிடமே இருக்கும். பொருந்தாவிட்டால் வெளிக் கம்பெனிக்குப் போகும். அண்ணி பழையபடி கயிறும் தூசியுமாக இருக்க வேண்டியதுதான். மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். அண்ணி வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அண்ணன் என்னிடம் வந்து, உன் அண்ணி இரண்டு நாளாக என்னைத் திட்டவே இல்லை, உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதா என்று கவலையாகக் கேட்டான். நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டான்.

மறுநாள் நான் அண்ணிக்கு வேண்டிய அட்டவணைப் பேக்கேஜின் விளக்கப் பக்கங்களை மொத்தமாக இறக்கி, பாதுகாப்பு அதிகாரியிடம் போனேன். அவருக்கு ஆபீஸில் 'முத்திரை' என்று பெயர். தன் சாப்பாட்டு டப்பாவுக்கே சீல் வைத்துத்தான் எடுத்து வருவார் என்று பேச்சு. விதிப் புத்தகத்தைப் புரட்டி, உள்ளறைக்குள் அனுமதி பேக்கேஜுக்கு மட்டும்தான், பக்கங்கள் என்று எங்கேயும் எழுதவில்லை என்றார். பக்கத்தால் என்ன ஆபத்து, அது சும்மா எழுத்துதானே என்றேன். காகிதத்தில் இருப்பதும் சும்மா எழுத்துதான் என்றார். நான் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். கொஞ்சம் என்பது என் கணக்கு. காவல்காரம்மா கணக்குப்படி மாடிப்படி வரைக்கும் கேட்டதாம். முத்திரை சார் மசியவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை.

"நீங்க பேக்கேஜா கொண்டு வாங்கம்மா. நான் ஏன் வேண்டாங்கப் போறேன்?" என்றார்.

என் மேஜைக்குத் திரும்பி, ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டு மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டு பாதியில் நின்றது. பேக்கேஜாகவே கொண்டுபோனால் என்ன? அதற்குள் நிரல்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? ஒரு பெயர், ஒரு பதிப்பு எண், உள்ளே சில கோப்புகள். பேக்கேஜின் லட்சணம் இவ்வளவுதான். பக்கங்களை எல்லாம் அதற்குள் அடைத்தேன். திறந்து காட்டுவதற்கு ஒரு குட்டிக் கட்டளை சேர்த்தேன். அட்டவணைப் பேக்கேஜின் பெயருக்கு வாலாக 'விளக்கம்' என்று ஒட்டி, அதையே பெயராக வைத்தேன். மற்ற பேக்கேஜ்களைப் போலவே ஒரே வரியில் நிறுவிவிடலாம். கொண்டுபோய் முத்திரை சார் முன்னால் வைத்தபோது அவர் அதையும் என்னையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"இது பேக்கேஜா?"

"பேக்கேஜ்தான் சார். மத்ததெல்லாம் எப்படி இன்ஸ்டால் ஆகுதோ அப்படியே ஆகும்."

"அப்ப சரி."

ஆனால் பேக்கேஜ் என்று வந்துவிட்டால் உள்ளே இருக்கும் அத்தனையையும் பரிசீலிக்க வேண்டும் என்பதும் விதி. மனிதர் உட்கார்ந்து ஒரு பக்கம் விடாமல் படித்தார். படித்து முடித்து, நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு பாராட்டும் கொடுத்து முத்திரை வைத்தார்.

உள்ளே நிறுவிக் காட்டியபோது அண்ணி சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு பக்கமாகத் திறந்து திறந்து பார்த்தார். திரையில் இருந்த தேடும் பெட்டி மட்டும் இணையத்தைத் தேடிச் சுற்றிக்கொண்டே இருந்தது. அதை எடுத்துவிட்டு, அகரவரிசையில் ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அண்ணி வெளியே வரவே இல்லை. அவர் லீவா என்று காவல்காரம்மா என்னிடம் கேட்டார். நான் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். கை எட்டிய மட்டும் தட்டிக்கொண்டேன் என்றே சொல்ல வேண்டும்.

ஒத்திகை நெருங்கியபோது அண்ணி மறுபடி ஊமையானார். ஒரு சாயங்காலம் நான் கீழே இறங்கிப் போனால், பளபளவென்று இருக்கும் அடுப்பைத் துடைத்துக்கொண்டே நிற்கிறார். என்ன விஷயம் என்று கேட்டேன். துடைப்பதை நிறுத்தாமல் சொன்னார்.

"நாளைக்கு மேனேஜரைப் பாத்து, கம்பெனிக்கே குடுத்துடுங்கன்னு சொல்லப் போறேன். எனக்கு இது வராது. கயிறு கட்டத்தான் லாயக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெல்ல மெல்ல விஷயத்தைக் கறந்தேன். விளக்கப் பக்கத்தில் சராசரிக்கு ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று கட்டங்கள்: பத்து, இருபது, ஒன்று காலி. சராசரி பதினைந்து என்று பக்கம் சொல்கிறது. அதே உதாரணத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே அடித்தால், அண்ணியின் மெஷின் பத்து என்கிறது. அழித்துவிட்டு மறுபடி அடித்திருக்கிறார். புள்ளி, காற்புள்ளி எல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறார். நாட்கணக்கில் இதே வேலை. அத்தனை பேர் படிக்கும் பக்கம் தப்பாக இருக்காது, மெஷினும் தப்பாகக் கணக்குப் போடாது. அப்படியானால் தப்பு தன்னிடம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

"பக்கத்தை நம்புவீங்க, மெஷினை நம்புவீங்க. உங்களை மட்டும் நம்ப மாட்டீங்களா அண்ணி?" என்று கத்தினேன்.

அண்ணன் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தான். திட்டு தனக்கில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகப் போய்விட்டான்.

கத்தி முடித்த பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்யும். பத்தும் இருபதும் முப்பது. அதை இரண்டால் வகுத்தால் பதினைந்து, மூன்றால் வகுத்தால் பத்து. பக்கம் காலிக் கட்டத்தை விட்டுவிடுகிறது. மெஷின் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டும் அதனதன் கணக்கில் சரி. பக்கத்தின் மேல் மூலையில் என்ன எண் போட்டிருக்கிறது என்று கேட்டேன். அண்ணிக்கு எண்கள் மறக்கவே மறக்காது, அது கட்டுப் பிரிவுப் பழக்கம். நாலு என்றார். மெஷினில் இருக்கும் பேக்கேஜ் எந்தப் பதிப்பு என்றேன். ரெண்டு என்றார். சொல்லிவிட்டு அடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

உள்ளறைக்குப் போகும் எதுவும் பழையதாகத்தான் இருக்கும். ஒப்புதல் வாங்கி வருவதற்குள் வெளியே இரண்டு பதிப்பு வந்து போயிருக்கும். நான் இணையத்தில் அன்றைக்கு இருந்த விளக்கத்தை அப்படியே இறக்கிவிட்டேன். அது புதுப் பதிப்புக்கு எழுதியது. நடுவில் எழுதியவர்கள் மனதை மாற்றிக்கொண்டு, காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக எண்ணும் பழக்கத்தை விட்டிருக்கிறார்கள். பேக்கேஜ் ஒரு வயது, விளக்கம் ஒரு வயது. இரண்டுக்கும் ஜோடிப் பொருத்தம் பார்க்காமல் தாலி கட்டிவைத்தவள் நான். தப்பு என்னுடையது அண்ணி, நன்றாகத் திட்டுங்கள் என்றேன். அண்ணி திட்டவில்லை. அவர் மனது வேறு எங்கோ போய்விட்டிருந்தது.

"அப்ப, பரீட்சைக்கு வராத பிள்ளைங்க இடமெல்லாம் காலியாத்தானே இருக்கும்?" என்றார்.

ஆமாம். வராதவர்கள் எல்லோரையும் பூஜ்யம் வாங்கியவர்களாகச் சேர்த்து, ஒவ்வொரு தேர்வு மையத்தின் சராசரியையும் நிரல் கீழே இழுத்து வைத்திருந்தது. போன வருட முடிவுகளில் வராதவர்களைச் சேர்க்காததால், ஒத்திகையில் ஒன்றுகூடப் பொருந்தியிருக்காது. அதைப் பார்த்திருந்தால் அண்ணி தானே எழுந்து கட்டுப் பிரிவுக்குப் போயிருப்பார், யாரும் அனுப்ப வேண்டியிருந்திருக்காது. இந்த ஓட்டையை அண்ணி கையாலேயே அடைத்துவிடலாம். ஆனால் இதுபோல இன்னும் எத்தனை இடமோ? பழைய பதிப்பின் விளக்கமே வேண்டும். இணையத்தில் தேடினேன், எழுதியவர்கள் பழைய பக்கங்களை எடுத்துவிட்டிருந்தார்கள்.

பேக்கேஜ் இரண்டு உருவத்தில் வரும். ஒன்று, அப்படியே நிறுவத் தயாரானது. மற்றொன்று மூலநிரல் மூட்டை. அதில் எழுதியவர்கள் தங்களிடம் இருந்த அனைத்தையும் போட்டிருப்பார்கள், அந்தப் பதிப்புக்கென்று எழுதிய விளக்கம் உட்பட. நான் தயாரானதை மட்டும் வைத்துக்கொண்டு மூட்டையை அழித்துவிடுவேன், இடத்தை அடைக்கிறது என்று. ஆனால் இரண்டு உருவத்திலும் ஒரு பிரதி முத்திரை சாரின் அலமாரியில் இருக்க வேண்டும் என்பது விதி. விதி என்றால் அவரிடம் நிச்சயம் இருக்கும்.

காலையில் சண்டைக்கு ஆயத்தமாகவே போனேன். நான் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்த அலமாரியிலிருந்து இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லையாம். சாவி கழுத்துச் சங்கிலியிலேயே இருந்தது. பேக்கேஜ் வாரியாக, பதிப்பு வாரியாகச் சிடிக்கள் நூல் பிடித்தாற்போல நின்றன. வேண்டியதைத் தேடாமலே எடுத்து, தான் வைத்த சீலைத் தானே பிளேடால் பதமாக அறுத்தார். அறுத்துக்கொண்டே, பக்கத்தின் மூலையில் நாலு என்று இருந்ததைப் படிக்கும்போதே கவனித்தேன் என்றார். பின்னே ஏன் சார் சொல்லவில்லை என்றேன். இரண்டு எண்களையும் ஒப்பிட வேண்டும் என்று விதியில் இல்லையே என்றார். வேறு நாளாக இருந்தால் மாடிப்படி வரைக்கும் கேட்டிருக்கும். சிடி அவர் கையில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

மூட்டையைப் பிரித்தால், விளக்கம் முழுசாக இருந்தது. அதைப் பக்கங்களாக மாற்றி மறுபடி பேக்கேஜாக்கினேன். இந்தத் தடவை அதற்குள் ஒரு நிபந்தனையும் எழுதினேன்: இது இரண்டாம் பதிப்போடு மட்டும்தான் நிறுவப்படும், வேறு பதிப்பு இருந்தால் மாட்டேன் என்று நின்றுவிடும். முத்திரை சார் அதையும் ஒரு பக்கம் விடாமல் படித்தார். புதுசைவிடப் பழசு தெளிவாக இருக்கிறது என்று கருத்துச் சொன்னார். விதிப் புத்தகத்தில் எண்களை ஒப்பிடச் சொல்லி ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார்.

சராசரிப் பக்கத்தில் மஞ்சள் கட்டத்துக்குள் இருந்தது: கவனம், காலிக் கட்டம் பூஜ்யமாக எண்ணப்படும், விட்டுவிட வேண்டுமென்றால் இப்படிச் சொல்லவும். அண்ணி அப்படிச் சொல்லி, பழைய உதாரணத்தையே அடித்துப் பார்த்தார். பதினைந்து வந்தது. உள்ளே நான் நின்றுகொண்டிருந்தேன். அண்ணி திரையைக் காட்டினார். வேறு இரண்டு இடங்களிலும் புதுசுக்கும் பழசுக்கும் வித்தியாசம் இருந்ததை அவரே கண்டுபிடித்துச் சரிசெய்தார். மேனேஜரிடம் சொல்வதற்கு வைத்திருந்த பேச்சு அப்படியே போயிற்று.

ஒத்திகையன்று குழு உள்ளே போனதும் இரும்புக் கதவு மூடிக்கொண்டது. கதவு என்று பெயரே தவிர, அந்தக் கதவுக்கு அப்பால் நடப்பது எனக்குத் தெரியாது. உட்கார முடியவில்லை. காவல்காரம்மா தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். அதிலும் உட்கார முடியவில்லை. முத்திரை சார் காரணமே இல்லாமல் வந்து, லாக்கர்களின் பூட்டை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கதவு திறந்து மேனேஜர் வந்தார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒரு எண்கூடப் பிசகவில்லை, வேலை அந்த அம்மாவிடமே இருக்கும் என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது. பின்னால் அண்ணி வந்து, பழக்கப்படி சோதனைக்குக் கையை விரித்து நின்றார். காவல்காரம்மா கருவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரைக் கட்டிக்கொண்டார். சோதனை செய்யாமல் யாரையும் வெளியே விடக் கூடாது என்பது விதி. முத்திரை சார் திரும்பி நின்று பூட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் உள்ளே எந்தப் பேக்கேஜ் போனாலும் அதன் விளக்கமும் கைகோத்துக்கொண்டுதான் போகிறது. மூட்டையை நான் அழிப்பதில்லை. அண்ணி காலையில் உள்ளே போனால் சாப்பாட்டு வேளைக்குத்தான் தலை காட்டுகிறார். வீட்டில் அண்ணனுக்குத் திட்டு பழைய அளவுக்கு வந்துவிட்டது. அவன் சந்தோஷமாக இருக்கிறான். ஆபீஸில் எனக்குத்தான் பொழுது போகவில்லை. மேஜை ஓரத்தில் யாரும் நின்று உதட்டை அசைப்பதில்லை. இதற்காகத்தானே இத்தனை பாடுபட்டோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

நேற்று வேலை மும்முரமாக இருக்கும் நேரத்தில் கதவு திறந்தது. அண்ணி கையை விரித்து நின்றார், காவல்காரம்மா தடவிப் பார்த்தார், சாவியை நீட்டினார். அண்ணி சாவியை வாங்கவில்லை. நேராக வந்து மேஜை ஓரத்தில் பழைய இடத்தில் நின்றார். எனக்குப் பகீரென்றது.

"என்ன அண்ணி, எந்தப் பக்கம் விட்டுப்போச்சு?"

"எல்லாப் பக்கமும் இருக்கு," என்றார். "உள்ள நீதான் இல்ல. அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் என் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டேன்.